கையை எடுக்கும் நேரம்: குதிரைக்குட்டி வளர்த்ததில் நான் கற்றது

என் முதல் குதிரைக்குட்டி, பிறந்த மூன்றாவது வாரத்தில், பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கால் இரண்டையும் என் தோளில் போட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சினேன். அப்போது அவன் 70 கிலோ இருந்திருப்பான். தினமும் அதுவே எங்கள் விளையாட்டாகிப் போனது. ஒரு வயதில், 300 கிலோ உடம்போடு, அதே பிரியத்தோடு அவன் மறுபடி என் மேல் ஏறினான். என் காறை எலும்பு முறிந்தது. அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, நான் பழக்கியதைத்தான் செய்தான். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இன்றும் யாராவது புதிதாக அவன் முன்னால் போய் நின்றால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால்தான் இரண்டாவது குட்டி சிட்டுவை வயிற்றில் இருக்கும்போதே யோசிக்க ஆரம்பித்தேன். குட்டி வளர்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, அவளோடு போன ஆறு மாதத்தை இங்கே எழுதுகிறேன். செய்த தப்பையும் சேர்த்துத்தான்.

குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். 340 நாள் என்று பொதுவாகச் சொன்னாலும் 320 நாளிலும் ஈனும், ஒரு வருடத்தைத் தொட்டும் ஈனும். பெரும்பாலும் இரவில்தான். சிட்டுவின் அம்மா செவலை ஈன்றதும் விடியலுக்கு முன்தான். பனிக்குடம் உடைந்த பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். முதலில் ஒரு முன்னங்கால், சற்றுப் பின்னால் இன்னொன்று, அந்தக் கால்களின் மேல் படிந்தபடி மூக்கு. அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். 20 நிமிடம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். இன்னொன்றையும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த சவ்வுக்குப் பதிலாக, வெல்வெட் துணி போலச் சிவப்பாக ஒரு பை முதலில் தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே குட்டிக்கு மூச்சு கிடையாது. மருத்துவர் வரும்வரை பொறுக்க முடியாது. அந்தப் பையை அங்கேயே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. குட்டி வைக்கோலில் கிடந்தது, நான் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக் காலைப் பார்த்தேன். புதிதாகப் பிறந்த குட்டியின் குளம்பை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும். அடியில் மஞ்சளும் வெள்ளையுமாக, காளானின் அடிப்புறம் போல மடிப்பு மடிப்பாக, மெத்தென்று ஏதோ தொங்கும். தொட்டால் ஈர ரப்பர் மாதிரி இருக்கும். வயிற்றுக்குள் உதைக்கும்போது அம்மாவின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடக் கூடாது என்பதற்கான உறை அது. எழுந்து நாலு அடி நடந்ததுமே தேயத் தொடங்கி, ஓரிரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

தொப்புள்கொடியை நாம் அறுக்கக் கூடாது. தாயும் குட்டியும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருக்கட்டும். தாய் எழும்போதோ குட்டி புரளும்போதோ அது தானாக அறும். அறுந்த இடத்தைக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். நான் 0.5% குளோர்ஹெக்சிடின் கரைசலை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, முதல் இரண்டு நாளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முக்கினேன். பழைய ஆட்கள் பயன்படுத்தும் 7% அயோடின் மிகவும் காட்டமானது, தோலைச் சுட்டுவிடும்.

பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கணும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கணும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுசாக விழணும். சிட்டு 50 நிமிடத்தில் நின்றாள். தடுமாறி, செவலையின் முன்னங்காலுக்கு இடையில் மடியைத் தேடி, சுவரைச் சப்பி, கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அவள் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் தூக்கிவிடக் கை பரபரத்தது. தூக்கவில்லை. அந்த நேரம் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் உரியது, நாம் நடுவில் புகக் கூடாது. காலையில் தார் போலக் கறுத்த முதல் மலத்தையும் போட்டுவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பித் தூங்கப் போனேன்.

ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஈனுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே செவலையின் காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பால் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சொட்டிப் போனது சீம்பால் என்பது எனக்கு உறைக்கவில்லை.

குதிரைக்குட்டி எதிர்ப்பு சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. மனிதக் குழந்தைக்குப் போல நஞ்சுக்கொடி வழியாக அதற்கு எதுவும் வருவதில்லை. சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தைக் குடித்துத்தான் பெற வேண்டும். அந்தப் புரதத்தை அப்படியே உள்ளே இழுக்கும் குட்டியின் குடல், நேரம் போகப் போக மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் முழுதாக மூடிவிடுகிறது. முதல் ஆறு மணி நேரத்தில் உள்ளே போவதுதான் பொன். தாய்க்கு முன்கூட்டியே பால் சொட்டினால் அதைச் சுத்தமாகப் பிடித்து உறைய வைக்கலாம், அல்லது வேறு குதிரையின் சீம்பாலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் காலை லாயத்துக்குப் போனேன். சிட்டு நின்றுகொண்டிருந்தாள், பார்வைக்கு நோய் எதுவும் தெரியவில்லை. ஆனால் நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், மயிர் விறைத்து ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன், காய்ந்த பால். குனிந்து பார்த்தால் செவலையின் மடி கல் மாதிரி நிறைந்து, இரண்டு காம்பிலும் பால் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஆரோக்கியமான குட்டி முதல் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு தடவை பால் குடிக்கும், மடி நிறைய விடவே விடாது. இவள் மடிக்கு அடியில் போய் நிற்கிறாள், குடிக்கவில்லை, ஒழுகும் பால் தலையில் விழுகிறது. குட்டி நோயில் விழுவதை வெப்பமானி காட்டுவதற்கு முன்பே மடியும் நெற்றியும் காட்டிவிடும். காலையில் லாயத்துக்குள் போனதும் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

மருத்துவர் வந்தபோது சூடு 39.5 டிகிரி. குட்டிக்கு 37.2 முதல் 38.9 வரைதான் இயல்பு. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், அவளுக்கு 400-ஐக் கூடத் தொடவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. "பிறந்த 24 மணி நேரத்துல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தா அன்னிக்கே பிளாஸ்மா ஏத்தியிருக்கலாம். அடுத்த குட்டிக்கு நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, நீங்களே கூப்பிடுங்க" என்றார். அதட்டாமல்தான் சொன்னார், எனக்குத்தான் தாங்க முடியவில்லை. பிளாஸ்மா, அதாவது எதிர்ப்புப் புரதம் உள்ள ரத்தத் திரவம், ஏற்றினார்கள். பிறகு எட்டு நாள், வேளை தவறாமல் ஊசி. சிட்டு பிழைத்தாள்.

பிழைத்தாள், ஆனால் என்னைக் கண்டால் ஓடினாள். மனிதக் கை என்றால் ஊசி என்று எட்டு நாளில் அவள் மனதில் பதிந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும் செவலையின் மறுபக்கம் போய் ஒளிந்துகொள்வாள். முதல் குட்டிக்கு என்னிடம் பயமே இல்லை, இவளுக்குப் பயம் மட்டுமே இருந்தது. கையை எப்போது வைக்கிறோம் என்பதைவிட எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் குட்டி பாடம் படிக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊசி போட்ட நாட்களில் அவள் திமிறுவாள், வேலை முடிந்ததும் அந்தத் திமிறலின் நடுவிலேயே விட்டுவிடுவோம். திமிறினால் விடுதலை என்று நாங்களே எட்டு நாள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை பின்தொடையைச் சுற்றி. குட்டி நம் உடம்புக்கும் சுவருக்கும் நடுவில், தாய் கண்ணெதிரில். விலாவை இறுக்கக் கூடாது, ஈனும்போது சில குட்டிகளுக்கு விலா எலும்பே விரிசல் கண்டிருக்கும். கழுத்தைக் கட்டி இழுக்கவும் கூடாது. திமிறும்போது நாம் இறுக்குவதும் இல்லை, விடுவதும் இல்லை, அதோடு கூடவே அசைகிறோம். ஏதோ ஒரு நொடியில் மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்தும். அந்த நொடியில் இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். ஊசியோ மருந்தோ கொடுத்த பிறகும், அந்தத் தளர்ச்சி வரும்வரை நின்றுவிட்டுத்தான் விட வேண்டும். கூடுதலாக அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அதை அந்த எட்டு நாளும் செய்திருந்தால் அடுத்த ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அந்த ஒரு மாதத்தில் சிட்டுவை நான் தேடிப் போகவே இல்லை. செவலையிடம் போனேன். தினமும் 15 நிமிடம் அவள் முதுகையும் கழுத்தையும் மென்மையாகத் தேய்த்துவிட்டேன். முதல் ஐந்து நாள் தாயைக் குட்டியின் முன்னிலையில் இப்படித் தேய்த்துவிட்டாலே குட்டி பின்னாளில் மனிதரை அஞ்சாமல் நெருங்குகிறது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2005-ல் எழுதியிருக்கிறார்கள். என் விஷயத்தில் முதல் ஐந்து நாள் கடந்துவிட்டது, ஆனாலும் பலித்தது. அம்மா கண் சொக்கி நிற்பதைப் பார்த்து ஒரு வாரத்தில் சிட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். பத்தாவது நாளோ என்னவோ, என் முழங்கையை முகர்ந்தாள். நான் திரும்பவில்லை. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடம் கண்ணுக்குத் தெரியாது. முகத்தை நோக்கிக் கையை நீட்டினால், இருந்தாற்போல் இருந்து ஏதோ பாய்வது மாதிரித்தான் அதற்குத் தோன்றும். முதல் தொடுகை எப்போதும் தோள்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேட்டைச் சொறிந்துவிடுவது குட்டிக்கு உயிர். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே தணிகிறது. சிட்டுவுக்கு அங்கே கை பட்டதும் மேலுதடு யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டு துடிக்கும். உடனே முகத்தைத் திருப்பி என்னைத் திருப்பிச் சொறிய வருவாள், பல்லால். முதல் குட்டியிடம் நான் தவறியது இங்கேதான். அது அன்புதான், மறுக்க மனசு வராது. ஆனால் குதிரைத் தோல் தாங்கும் பல்லை நம் தோல் தாங்காது. அடிக்க வேண்டாம், வாயில் தட்டவும் வேண்டாம். தட்டினால் அதையும் விளையாட்டாக்கிக்கொள்ளும். முகம் என் பக்கம் வந்ததும் சொறிவதை நிறுத்திப் புறங்கையால் முகத்தை அந்தப் பக்கம் நகர்த்துவேன். முகம் நேராக இருந்தால் மட்டும் சொறிதல் தொடரும். மூன்று நாளில் அவள் உதட்டைக் கதவுக் கட்டையில் தேய்த்துக்கொள்ளப் பழகிவிட்டாள். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இதே கதைதான். நான் கொஞ்சுவதும் இல்லை, பின்வாங்குவதும் இல்லை. தோளால் அவள் நெஞ்சை நகர்த்தி என் இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வேன்.

நடுவில் புதியவர்கள் பதறும் இரண்டு விஷயங்கள். பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் குட்டிக்கு லேசாகக் கழியும். குட்டி சுறுசுறுப்பாக, பால் குடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பின்புறத்தைக் கழுவி வாஸ்லின் தடவினால் போதும். சோர்ந்துவிட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அடுத்தது, குட்டி அம்மாவின் சாணத்தைத் தின்னும். தடுக்க வேண்டாம், புல்லைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்களை அது அப்படித்தான் தன் குடலில் குடியேற்றுகிறது.

குளம்பு தூக்கும் பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். குளம்பை அரவிச் சீராக்கும் முதல் திருத்தம் ஒன்றிரண்டு மாதத்திலேயே தேவைப்படும். கால் வளைந்திருந்தால் சரிசெய்யக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு, சில எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் மூன்று மாதத்துக்குள்ளேயே மூடத் தொடங்கிவிடும். நான் தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே கொண்டுபோய், கணுக்கால் மயிரை மெல்லப் பிடிப்பேன். குளம்பு நாலு விரல் உயரம் எழும்பினால் போதும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, அவள் பிடுங்குவதற்கு முன் நானே கீழே வைப்பேன். விழவிடாமல், வைப்பேன். மறுநாள் மூன்று வரை எண்ணுவேன். பிடுங்கிவிட்டால் காலோடு என் கையும் போகும், உயரம் குறையும், ஆனால் அவள் ஒரு நொடி அடங்கும்வரை பிடி விடாது. பின்னங்காலைப் பக்கவாட்டில் இழுத்தால் வலிக்கும், வயிற்றுக்கு அடியிலேயே தூக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் லாடம் கட்டுபவர் வந்து அரம் போட்டபோது சிட்டு மூன்றாவது காலில்தான் பொறுமை இழந்தாள். நாலாவது காலை மறுநாளைக்கு விட்டுவிட்டோம்.

ஹால்டர், அதாவது தலையில் மாட்டும் பட்டை. மாட்டப் பழக்குவது சுலபம், இழுப்பதுதான் ஆபத்து. குட்டியின் கழுத்து மென்மையானது. தலையைப் பிடித்து முன்னால் இழுத்தால் அதன் இயல்பு பின்னால் சாய்வது. பின்னால் சாய்ந்து மல்லாந்து விழுந்து உச்சந்தலை தரையில் மோதினால் உயிரே போகலாம். அதனால் ஒரு நீளமான மெத்தென்ற கயிற்றைப் பின்தொடையைச் சுற்றிப் போட்டு, அங்கிருந்துதான் முன்னால் வரச் சொல்ல வேண்டும். ஹால்டர் கயிறு திசை மட்டும் காட்டும். செவலையை ஒருவர் முன்னால் நடத்த, நான் சிட்டுவோடு பின்னால் நிற்பேன். பின்கயிற்றில் லேசான அழுத்தம். ஒரு குளம்பு முன்னால் நகர்ந்த அதே கணம் அழுத்தம் போய்விட வேண்டும். முதல் நாள் மொத்தமே நாலு அடி. ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். குட்டிக்கு அதற்குமேல் கவனம் நிற்காது. நடக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கட்டிப்போட்டும் விடாதீர்கள், கயிற்றின் இழுப்புக்கு இணங்கி வரத் தெரிந்த பிறகே கட்ட வேண்டும். பாடம் முடிந்ததும் ஹால்டரைக் கழற்றிவிடுங்கள். குட்டி பின்னங்காலால் காதைச் சொறியும், குளம்பு பட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். வளரும் தலையில் விட்டுவைத்த பட்டை சதையில் பதிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தீனி விஷயத்தில் ஆசை ஆபத்து. இரண்டு, மூன்று மாதத்தில் பால் மட்டும் போதாமல் போகும், அப்போது குட்டிக்கென்று தயாரித்த தீனியை, தாய் எட்டாத தடுப்புக்குள் வைக்கலாம். பளபளவென்று கொழுக்க வைக்கத் தானியத்தைக் கொட்டினால் எலும்பு தாங்காது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, கணுக்காலைச் சுற்றி, உடுக்கை மாதிரிப் புடைப்பு வந்தால் அது அபாய அறிகுறி. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. தீனியில் கால்சியம்தான் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும், அதுதான் நான் வைத்திருக்கும் அளவு. குடற்புழு மருந்தை இரண்டாவது மாதத்திலும், தடுப்பூசியை நாலு முதல் ஆறு மாதத்திலும், மருத்துவர் போட்டுக்கொடுத்த அட்டவணைப்படி செய்தேன்.

பால் மறக்க வைத்தது ஆறாவது மாத முடிவில். ஒரே நாளில் தாயை வெகுதூரம் கொண்டுபோவதை நான் விரும்பவில்லை. செவலையைப் பலகை வேலிக்கு அந்தப் பக்கம் விட்டேன். பார்க்கலாம், மூக்கை உரசிக்கொள்ளலாம், பால் மட்டும் கிடையாது. சிட்டுவுக்குத் துணையாக, அவள் ஏற்கனவே பழகிய ஒரு வயதான பெட்டைக் குதிரையை இந்தப் பக்கம் விட்டேன். வாரம் முழுக்கப் புதிதாக எதுவும் செய்யவில்லை, ஊசி இல்லை, புதுத் தீனி இல்லை, புது இடம் இல்லை. செவலையின் தானியத்தை நிறுத்தினேன். மடி விம்மியது, கறக்கவில்லை. கறந்தால் பால் இன்னும் சுரக்கும்.

முதல் நாள் வேலியோரமே ஓடி ஓடிக் கனைத்தாள். இரண்டாம் நாள் குரல் கம்மிவிட்டது. மூன்றாம் நாள் மதியம் கிழவிக்குப் பக்கத்தில் நின்று புல் மேய்ந்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியை நிரப்பப் போனேன். கூப்பிடவில்லை, கையில் தீனியும் இல்லை. அவளாகவே வந்து ஒரு கை தூரத்தில் நின்றாள். பிடரி மேட்டைச் சொறிந்தேன். மேலுதடு நீண்டது, முகம் என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது, பாதியில் நின்றது, தொட்டியின் விளிம்பில் போய்த் தேய்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தேன். அவள் போகவில்லை. இருட்டும்வரை அங்கேயே நின்றோம், வேலிக்கு அந்தப் பக்கம் செவலை புல் மென்றுகொண்டிருந்தாள்.